ஹைமா பக்கம் வேலிக்குள் பார்த்த வெள்ளை மான்

லோடு_தண்ணீர்:
ஓமானில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறேன். போன வாரம் ஹைமாவுக்குக் கிழக்கே ஒரு கேம்ப்புக்கு லோடு. வழியில் நீளமான கம்பி வேலி. உள்ளே வெள்ளை உடம்பு, கறுத்த கால், ஈட்டி மாதிரி இரண்டு கொம்பு. கூட வந்த ஓமானி 'மஹா' என்றார். ஒரு காலத்தில் காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். நிஜமா? அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது? இத்தனை பாலைவனம் கிடக்கும்போது வேலி எதற்கு?

வன்னிமர_நிழல்:
நிஜம்தான் தம்பி. அந்தப் பக்கம் வெல்டராக ஆறு வருஷம் இருந்தவன் நான். அது அரேபிய ஓரிக்ஸ். 1972-ல் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில் கடைசிக் கூட்டத்தையும் வேட்டைக்காரர்கள் தீர்த்துவிட்டார்கள். நல்லவேளை, பத்து வருஷம் முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். 1982-ல் அந்த வம்சத்தில் பத்து உருப்படியை அதே சமவெளியில் இருக்கும் யாலூனியில் திறந்துவிட்டார்கள். காவல் ஹராசிஸ் பதூக்கள், அதாவது அந்தப் பாலைவனத்து நாடோடிக் குடியினர். அப்போது வேலியே கிடையாது!

விடிகாலையில் கடலிலிருந்து மூடுபனி வருமே, அந்த ஈரம் படிந்த புல்லைத் தின்றே நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் இருக்கும். வெயில் ஏறினால் காஃப் மரத்தடியில் படுத்துக்கொள்ளும். காஃப் வேறொன்றுமில்லை, நம்மூர்க் கோயில் வன்னிதான்.

1996-ல் 450 இருந்தது. அப்புறம் உயிரோடு பிடித்து விற்கும் கும்பல் புகுந்து 65-க்குக் கொண்டுவந்துவிட்டது. எண்ணெய் எடுப்பதற்காக அந்த மான்களின் காப்பகத்தையும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். 2007-ல் யுனெஸ்கோ அந்தக் காப்பகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அது. நீ பார்த்த வேலிக்குக் காரணம் இதுதான்.

துபாய்_ஷிஃப்ட்:
இங்கே துபாய் பாலைவனக் காப்பகத்தில் 225 சதுர கிலோமீட்டருக்கு வேலி போட்டு, தீவனமும் வைக்கிறார்கள். சஃபாரி வண்டி வந்தாலும் நகராது. பண்ணை மாடு மாதிரி. இதைப் போய்க் காட்டு விலங்கு என்பதா அண்ணே?

வன்னிமர_நிழல்:
எனக்கும் உறுத்தல்தான். ஆனாலும் இப்படி வளர்த்துத்தான் 2011-ல் அழியும் உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் ஆபத்து ஒரு படி குறைந்த வகைக்கு ஏறியது.

லோடு_தண்ணீர்:
நாளைக்கும் அதே ரூட். மிச்சத் தண்ணீரை வேலியோரம் ஊற்றட்டுமா?

வன்னிமர_நிழல்:
வேண்டாம்பா. லாரிச் சத்தம் கேட்டதும் வந்து நிற்கப் பழகிவிடும். பிடிக்க வருகிறவனும் லாரியில்தான் வருவான்.