குடும்பத்தோடு உணவகம் செல்லும்போது செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி: வேளச்சேரிவாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், என் பெற்றோருமாக ஆறு பேர் சென்னையில் வசிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேளை வெளியே சாப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. அதை நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. வாரம் முழுவதும் சமைப்பவர்களுக்கு அந்த ஒரு வேளையாவது ஓய்வு கிடைக்க வேண்டும். ஆனால் மெனு அட்டையைப் பார்த்து மனத்தில் போட்டுக்கொள்ளும் கணக்குக்கும் கடைசியில் மேசைக்கு வரும் பில்லுக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய இடைவெளி இருக்கிறது. சென்ற வாரம் 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். அதில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி.யும் போட்டு, 2,310 ரூபாய் வாங்கினார்கள். இது முறைதானா? ஏ.சி. ஹாலில் உட்கார்ந்தால் வரி கூடுதல் என்று என் தந்தை சொல்கிறார், அது உண்மையா? யாரையும் அரை வயிற்றோடு எழுப்பாமல் செலவைக் குறைக்க என்ன வழி இருக்கிறது?

பதில்: வரிக்கணக்கர்

உங்கள் பில்லிலிருந்தே தொடங்குகிறேன். சர்வீஸ் சார்ஜ் என்பது அரசு விதிக்கும் வரி அன்று. உணவகம் தானாகச் சேர்த்துக்கொள்ளும் தொகை. அதை வாடிக்கையாளரைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்றும், வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்றும், உணவுக் கட்டணத்தோடு கூட்டி அந்த மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. போடக் கூடாது என்றும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் அவற்றை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. 2025 மார்ச் மாதம் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே, "சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று மேலாளரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் உங்கள் பில் 2,100 ரூபாயோடு நின்றிருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது 210 ரூபாய். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

உங்கள் தந்தை சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. ஜி.எஸ்.டி. வந்த புதிதில் ஏ.சி. உணவகத்துக்கு 18 சதவீதமும் ஏ.சி. இல்லாததற்கு 12 சதவீதமும் வரி இருந்தது. 2017 நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம்தான். இன்றும் ஏ.சி. ஹாலில் செலவு கூடுகிறது என்றால், அங்கே விலை கூடுதலான தனி மெனு அட்டை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரே சமையலறையிலிருந்து வரும் அதே தோசைதான். வெயில் தணிந்த பிறகு செல்பவர்கள் சாதா ஹாலில் தாராளமாக உட்காரலாம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் அறைகள் உள்ள நட்சத்திர விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்கள் மட்டும் விலக்கு. அங்கே வரி 18 சதவீதம். அதே 2,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 100 ரூபாய்க்குப் பதிலாக 360 ரூபாய் வரி போகும் என்பதை, பிறந்தநாள் விருந்துக்கு அங்கே மேசை முன்பதிவு செய்வதற்கு முன் நினைவில் கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறிய உணவகங்களில் சில காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்திருக்கும். அவை தம் விற்பனையில் 5 சதவீதத்தைத் தாமே அரசுக்குச் செலுத்த வேண்டும், வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பில்லின் தலைப்பில் அந்த விவரத்தை அச்சிட்டிருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு எண்ணே இல்லாத பில்லில் வரி மட்டும் போட்டிருந்தாலும் அவசியம் கேள்வி கேளுங்கள்.

பதில்: சமையற்கட்டு

வரிக்கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் பணம் போவது ஆர்டர் சொல்லும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான். பசியோடு உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு சூப், இரண்டு ஸ்டார்ட்டர், ஜூஸ் என்று சொல்லிவிடுகிறோம். முக்கிய உணவு வரும்போது பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாமல், பாதியைச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, தேவைப்பட்டால் மீதியைச் சொல்லுங்கள். சர்வர் சற்று முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பிரியாணி, கிரேவி, ஃபிரைடு ரைஸ் போன்றவற்றை ஆளுக்கொன்று வாங்கத் தேவையே இல்லை. எத்தனை பேருக்குப் போதும் என்று கேட்டால் சர்வர்களே பெரும்பாலும் நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். அளவில்லாச் சாப்பாட்டை மட்டும் பகிர்ந்துகொள்ள விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. முதியவர்களுக்கு அளவுச் சாப்பாடே போதுமென்றால் முழுச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண். டிபன் வேளையில் பொங்கல், வடை, தோசை, காபி என்று தனித்தனியாகச் சொல்வதைவிட மினி டிபன் வாங்குவது பெரும்பாலும் மலிவாக இருக்கும்.

உட்கார்ந்ததும் "வாட்டர் பாட்டிலா, சாதா தண்ணீரா" என்று கேட்பார்கள். உணவகத்தில் உட்கார்ந்து வாங்கும் பாட்டிலுக்கு அதில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால், அங்கே போய் வாதாடிப் பயனில்லை. சாதா தண்ணீர் கேளுங்கள், அல்லது பிள்ளைகளின் பள்ளித் தண்ணீர் பாட்டில்களை எடுத்துச் செல்லுங்கள்.

பதில்: பழைய மெஸ்காரர்

திருவல்லிக்கேணியில் சில காலம் மெஸ் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பார்சல் சாப்பாட்டின் அளவு ஏன் கூடுதலாக இருக்கிறது தெரியுமா? உட்கார்ந்து சாப்பிடுபவர் மறுபடியும் சோறு கேட்கலாம், பார்சல் வாங்குபவர் கேட்க முடியாது. அதனால் இரண்டாவது முறை போடும் சோற்றையும் முன்கூட்டியே சேர்த்துக் கட்டிவிடுவோம். பெரும்பாலான மெஸ்களில் இரண்டு பார்சல் மூன்று பேருக்கு, பிள்ளைகள் என்றால் நான்கு பேருக்குக்கூட வரும். பார்சல் கட்டணம் போக மிச்சம்தான். வீட்டில் அப்பளமும் ஒரு பொரியலும் இருந்துவிட்டால் சமையல் ஓய்வும் கிடைத்துவிடும்.

ஆனால் நேரில் போய் வாங்குங்கள். செயலிகளில் பல கடைகள் கமிஷனை ஈடுகட்டுவதற்காகவே விலையை ஏற்றி வைத்திருக்கும். அதன் மேல் பிளாட்ஃபார்ம் கட்டணம், டெலிவரி கட்டணம் ஆகியவையும், 2025 செப்டம்பர் 22 முதல் டெலிவரி கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேருகின்றன. ஐம்பது சதவீதத் தள்ளுபடி என்று திரையில் காட்டுவதைக் கடையின் சுவரில் எழுதியிருக்கும் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தொகை பரிமாறியவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேரும் என்று எந்த உறுதியும் இல்லை, அது உண்மை. அதை நீக்கியபின், நன்றாகக் கவனித்த பையன் கையில் நேரடியாக ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவன்று.

கேள்வி கேட்டவர்: வேளச்சேரிவாசி

மூவருக்கும் நன்றி. பார்சல் வழியை இந்த ஞாயிறே முயன்று பார்க்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் செயலி வழியே பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: வரிக்கணக்கர்

நம்பலாம், ஆனால் மூன்றைப் பார்த்துவிட்டு ஆர்டர் சொல்லுங்கள். அந்தச் சலுகை நீங்கள் செல்லும் நாளுக்கும் நேரத்துக்கும் பொருந்துமா என்று பாருங்கள். வார நாள் மதியத்துக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். காம்போ, பஃபே போன்றவற்றுக்கு அது செல்லுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். மேசை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் இருந்தால், அது பில்லில் கழியுமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உணவகமே பில்லில் தள்ளுபடியைக் காட்டினால், தள்ளுபடி போக மிஞ்சும் தொகைக்குத்தான் ஜி.எஸ்.டி. கணக்கிட வேண்டும். 2,000 ரூபாயில் 400 ரூபாய் தள்ளுபடி என்றால் வரி 80 ரூபாய்தான் வர வேண்டும். 100 ரூபாய் போட்டிருந்தால் கல்லாவிலேயே சொல்லித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.