பெடஸ்டல்ல ரீபவுண்ட் ஹேமர் 24 காட்டுது, க்யூப் 31 வந்துச்சு, எதை நம்புறது?

சைட்டுக்காரன்_திருமங்கலம்:
வணக்கம்ணே. திருமங்கலம் பக்கம் ஜி+2 வீடு, கரிசல் மண்ணு, எம்25 (28 நாள்ல சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய காங்கிரீட்டு) போட்டுருக்கோம். சைட்ல வார்த்த க்யூப் கட்டிய 28 நாள்ல லேப்ல நொறுக்கிப் பாத்ததுல சராசரி 31, ரிப்போர்ட் கையில இருக்கு. இப்ப வீட்டுக்காரரோட மச்சான் எங்கிட்டோ இருந்து ஒரு ரீபவுண்ட் ஹேமர (காங்கிரீட்டுல அடிச்சு எம்புறத வெச்சுப் பலத்தக் கணிக்கிற கருவி) தூக்கிட்டு வந்து பெடஸ்டல் (ஃபூட்டிங் மேல தூணத் தாங்குற குட்டைக் கால்) தலையில நாலு அடி அடிச்சுட்டு 24, 25ங்குறாரு, ஹேமர் மேல ஒட்டியிருக்க சார்ட்டப் பாத்தா 20க்கும் ரொம்பக் கீழ, காங்கிரீட்டு ஃபெயிலு பில்ல நிறுத்துன்னுட்டாரு. ஹேமர் மேல சந்தேகமா இருக்கேன்னு தெரிஞ்ச லேப்ல ஆன்வில்ல (ஹேமர் சரியான்னு பாக்குற எஃகுக் கட்டை) அடிக்கச் சொன்னேன், 74 தான் வருது. அப்ப ஹேமர் தப்பா, காங்கிரீட்டு தப்பா? கொத்தனாரு மொகத்தப் பாக்க முடியல.

ஒத்தக்கடை_பில்டர்:
N டைப் (சாதாரணமா எல்லாரும் வெச்சிருக்க மாடல்) ஹேமர்தான? ஆன்வில்ல 80 வரணும், கூடக் குறைய 2 விடலாம். 74னா 80/74ஆல பெருக்கிக்கிருங்க, முடிஞ்சுச்சு. நாங்க அப்படித்தான் பண்றது.

லேப்_ராசு:
பில்டர் அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அந்தப் பெருக்கல் ஆகாது. ஆன்வில் எஃகு, அங்க 80 கிட்ட எவ்வளவு கொறையுதோ அதே விகிதத்துல 25, 30 கிட்டயும் கொறையும்ங்குறதுக்கு எந்த கேரண்டியும் கெடையாது. ஆன்வில்ல சரியா வந்தாக்கூட ஸ்கேல்ல மத்த எடத்துலயும் சரியா இருக்கும்னு சொல்ல முடியாதுன்னு இந்த ஹேமருக்கான அமெரிக்கக் கோடு ஏஎஸ்டிஎம் சி805லயே எழுதியிருக்கு. ரேஞ்சுக்கு வெளிய போச்சுன்னா கழட்டிச் சுத்தம் பண்ணணும், இல்ல சர்வீஸுக்கு அனுப்பணும்.

தம்பி, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, ஆன்வில எது மேல வெச்சு அடிச்சாய்ங்க?

சைட்டுக்காரன்_திருமங்கலம்:
மர பெஞ்சு மேலண்ணே. அது எதுக்கு?

லேப்_ராசு:
அதான பாத்தேன். பெஞ்சு லேசா அசஞ்சாலே அடிச்ச வேகத்துல கொஞ்சத்த அது வாங்கிக்கிரும், ரீபவுண்ட் கொறஞ்சுதான் காட்டும். காங்கிரீட் தரையில, ஆட்டம் இல்லாம, அடியில மண்ணு துரும்பு இல்லாம வைங்க. பிளஞ்சர் (காங்கிரீட்ட முட்டுற தண்டு) முனையத் துணியால தொடச்சுட்டு அடிங்க. உள்ள சுத்தியல் ஓடுற கம்பிக்கு மட்டும் எண்ணெய் போட்டுறாதீங்க, நெறய பேரு நல்லெண்ணத்துல போட்டுக் கெடுத்துருக்காய்ங்க, சிமெண்ட் தூசி ஒட்டி அரைக்க ஆரம்பிச்சிரும்.

அடுத்தது, தலையில அடிச்சாருன்னா செங்குத்தா கீழ நோக்கி. அப்படி அடிக்கும்போது உள்ள இருக்க சுத்தியல் மேல எந்திரிச்சு வரணும், புவியீர்ப்பு இழுக்கும், ரீடிங் கொறையும். இந்த 24, 25 ரேஞ்சுல சுமார் 3 பாயிண்டு கூட்டிப் பாக்கணும், இல்லாட்டி சார்ட்டுல கீழ்நோக்கி அடிக்கிறதுக்குன்னு இருக்க கர்வ்ல படிக்கணும். மச்சான் எந்தக் கர்வப் பாத்தாருன்னு கேளுங்க, படுக்கைவாட்டு கர்வா இருக்கும்.

மேலூர்_கல்லுக்காரன்:
ராசண்ணே சொல்றது போக, பெடஸ்டல் தலைங்குறது சிமெண்ட் பாலு மேல வந்து நிக்கிற எடம், தண்ணி ஏறி, கரண்டியால தேச்சு விட்டது, அங்க அடிச்சு காங்கிரீட்ட எட போடுறது சரியில்ல. அதுலயும் ஈரச் சாக்கு போத்தியிருந்தா சொல்லவே வேணாம். ஈர மேல்பரப்புக்கு 20 சதம் வரைக்கும் கொறச்சுக் காட்டும்னு ஐஎஸ் 13311 (இதுக்கான பழைய இந்தியக் கோடு) காலத்துல இருந்தே சொல்றாய்ங்க. பழைய கட்டடம்னா இதுக்கு நேர் எதிர், கார்பனேசன் ஆகி மேல் தோலு இறுகிப் போயி 50 சதம் வரைக்கும்கூட ஏத்திக் காட்டும். ஹேமருக்குத் தெரியுறது மேல் தோலு மட்டுந்தான்.

ஒத்தக்கடை_பில்டர்:
சரிய்யா, பெருக்கல வாபஸ் வாங்கிக்கிறேன் 😄 ஆனா அடியில ஃபூட்டிங்க (அஸ்திவாரத் தளம்) எப்படிப் பாக்குறது, அது மண்ணுக்குள்ளல கெடக்கு?

லேப்_ராசு:
ஃபூட்டிங்குக்கு ஹேமர் பேச்சே வேணாம், தோண்டுனாலும் மேல் மொகம் மட்டுந்தான் கெடைக்கும். முடிஞ்சா யூபிவி (காங்கிரீட்டுக்குள்ள அல்ட்ராசோனிக் அலை ஓடுற வேகத்தப் பாக்குற சோதனை). 54 கிலோஹெர்ட்ஸ் புரோப் ரெண்டையும் எதிரெதிரா வைக்க எடம் கெடச்சா நல்லது, ஒரே மொகத்துல வெச்சுப் பாத்தா வேகம் கொறஞ்சு வரும், அத நேரடி ரீடிங்கோட ஒப்பிடக் கூடாது. ஆரம்பிக்கும்போதே ரெஃபரன்ஸ் ராடுல வெச்சு, ராடு மேல பொறிச்சிருக்க மைக்ரோசெகண்டு வருதான்னு பாருங்க. கேபிள் மாத்துனாலும் புரோப் மாத்துனாலும் திரும்ப ஜீரோ பண்ணணும். கிரீஸ் சரியாத் தடவாம காத்துப் புகுந்துச்சுன்னா நல்ல காங்கிரீட்டுக்கே பொத்தல் காங்கிரீட்டு ரீடிங் குடுக்கும்.

தம்பி நீங்க பெடஸ்டல் பக்கவாட்டு மண்ண ஒதுக்கி, ரெண்டு நாள் காய விட்டு, கார்பரண்டம் கல்லால தேச்சு, ஓரத்துல இருந்து தள்ளி, ஒரே எடத்துல ரெண்டு தடவ அடிக்காம படுக்கைவாட்டுல எடுங்க.

சைட்டுக்காரன்_திருமங்கலம்:
பண்ணிட்டேண்ணே. தரையில வெச்சு அடிச்சதுல ஆன்வில் 79. பக்கவாட்டுல பெடஸ்டலெல்லாம் 32ல இருந்து 35 வருது, ஒண்ணே ஒண்ணு மட்டும் (வடகிழக்கு மூல, ஈசானி மூலைல பாத்து வந்து நிக்கிது) 26. மச்சான் அதையே புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, மத்ததப் பத்தி பேச்சக் காணோம்.

லேப்_ராசு:
அந்த ஒண்ணப் புடிச்சது மச்சான் செஞ்ச நல்ல காரியம்னே வைங்க. ஹேமர வெச்சு பலம் சொல்றதுல 25 சதம் அங்கிட்டு இங்கிட்டு போகும்னு கோடே ஒத்துக்கிருது, க்யூப் ரிப்போர்ட்ட இத வெச்சுத் தள்ள முடியாது. ஆனா ஒரே ஆளு ஒரே ஹேமர்ல அடிச்சு ஒண்ணு மட்டும் கொறையுதுன்னா அத விடக் கூடாது. அதுக்கு வந்த காங்கிரீட்டு வண்டில தண்ணி ஊத்துனாய்ங்களா, வைப்ரேட்டர் போகலியான்னு கொத்தனார்ட்ட மெதுவாக் கேளுங்க. அதுக்கு மட்டும் நாலு பக்கமும் தெறந்துதான இருக்கு, எதிரெதிர் மொகத்துல யூபிவி போட்டுப் பாருங்க, ரிங் (நெட்டுக் கம்பியச் சுத்திக் கட்டுன வளையம்) ஓடுற மட்டத்துல புரோப் வைக்காதீங்க, கம்பி வழியா ஓடி வேகத்த ஏத்திக் காட்டும். நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்குக் கீழ வந்துச்சுன்னா கம்பி எங்க இருக்குன்னு லொக்கேட்டர் ஓட்டிப் பாத்துட்டு கோர் (துளை போட்டு எடுக்குற உருளைத் துண்டு) எடுத்துருங்க. காங்கிரீட்டுக்கான இந்தியக் கோடு ஐஎஸ் 456 படி கொறஞ்சது மூணு கோர், போட்ட கிரேடு பலத்துல சராசரி 85 சதம், எதுவும் 75க்குக் கீழ போகக் கூடாது. எங்க எடுக்குறதுன்னு டிசைன் பண்ண ஸ்ட்ரக்சுரல் சாருட்ட எழுதி வாங்கிக்கிருங்க, மச்சான் கையெழுத்தும் சேத்து.

சைட்டுக்காரன்_திருமங்கலம்:
சரிண்ணே. வியாழக்கெழம யூபிவிக்கு ஆள் வர்றாங்க, ரீடிங்க இங்கயே போடுறேன். அதுவரைக்கும் அந்தப் பெடஸ்டல் மேல பிளிந்த் பீம் கம்பி கட்ட வேணாம்னு சொல்லிட்டேன்.