கழகம் கைமாறிய நாட்கள்: திவால் நிர்வாகத்தை அருகில் இருந்து பார்த்த ரசிகர்களின் அனுபவங்கள்

ஃபிராட்டன் எண்ட் எழுதியது:

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கால்பந்துக் கழகம் இரண்டாம் முறை திவால் நிர்வாகத்துக்குள், அதாவது கடனைக் கட்ட முடியாமல் வெளி நிர்வாகியின் பொறுப்புக்குள், போன கதையை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்போதைய உரிமையாளர் அன்டோனோவின் நிறுவனம் 2011 நவம்பரில் விழுந்தது. 2012 பிப்ரவரியில் கழகமும் விழுந்தது. அதற்குத் தண்டனையாக லீக்கில் பத்துப் புள்ளிகள் பறிபோயின. அந்தக் கோடையில் மூத்த வீரர்கள் அத்தனை பேரும் வெளியேற, புதிய பருவத்தைத் தொடங்க ஆள் தேட வேண்டிய நிலை வந்தது. இவ்வளவுக்கும் பிறகு கழகத்தை நாமே வாங்குவோம் என்று ரசிகர் அறக்கட்டளை முன்வந்து, ஒரு பங்கு 1,000 பவுண்ட் என்று விலை வைத்தது. அந்தப் பணத்தைத் திரட்டிய நாட்களில் நான் சந்தித்த ஒரு பெரியவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தனி ஆளாக ஆயிரம் பவுண்ட் கொடுக்க இயலாதவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பங்கை வாங்க வழி இருந்தது. என் வேலையிடத்தில் தலைக்கு நூறு பவுண்ட் என்று பேசி வைத்திருந்தோம். ஓர் இடம் மட்டும் நிரம்பாமல் இருந்தது. உடன் வேலை செய்தவர் ஒருவர் தம் தந்தையை அழைத்து வந்தார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். விண்ணப்பத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்துகளுக்கு அடியில் விரலை ஓட்டியபடி ஒவ்வொரு வரியாகப் படித்தார். போட்ட பணம் முழுவதும் திரும்பாமல் போகலாம் என்ற எச்சரிக்கை வரியில் விரல் நின்றது. "இது உண்மைதானா?" என்று கேட்டார். உண்மைதான் என்றேன். "இதுவரை வந்த முதலாளி எவனும் இப்படி எழுதித் தரவில்லை" என்று சொல்லிவிட்டு, ஐந்து இருபது பவுண்ட் நோட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். 2009-10 பருவத்தில் மட்டும் கைதாமக், அல் ஃபாஹிம், அல் ஃபராஜ், செயின்ராய் என்று நான்கு உரிமையாளர்களைப் பார்த்த ஊர் அது. அந்த ஒரு வாக்கியத்தில் அவர் அத்தனை பேரையும் சொல்லிவிட்டார்.

2013 ஏப்ரலில் கழகம் எங்கள் கைக்கு வந்தது. 2017-இல் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் டோர்னான்ட்டே நிறுவனம் 5.67 மில்லியன் பவுண்டுக்கு வாங்க முன்வந்தபோது, பங்குதாரர்களின் வாக்கெடுப்பில் எங்கள் குழுவில் பெரும்பாலோர் ஆம் என்றார்கள். நானும் ஆம் என்றேன். பெரியவர் மறுக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "இவர் யாருக்காவது விற்கும்போது நம்மைக் கேட்பார்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய நூறு பவுண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதை அவர் வாங்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

சவுத்சீ வாசி எழுதியது:

உங்கள் பெரியவரைப் படித்தபோது எனக்கு 2010 நினைவுக்கு வந்தது. முதல் திவால் நிர்வாகம் அந்த ஆண்டு பிப்ரவரி 26-இல் தொடங்கியது. பிரீமியர் லீக்கில் இருந்தபடியே அந்த நிலைக்குப் போன முதல் கழகம் நம்முடையது. ஒன்பது புள்ளிகள் கழிக்கப்பட்டதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. மார்ச் மாதத்தில் செலவைக் குறைப்பதற்காக 85 ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தியதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

அவர்களில் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். ஏப்ரல் 11 அன்று வெம்ப்ளியில் டாட்டன்ஹாமுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. எதிரணியின் பயிற்சியாளர் 2008-இல் நமக்கு அதே கோப்பையை வென்று தந்த ஹாரி ரெட்நாப். அன்று காலை அந்தப் பெண்மணி நீலச் சட்டை அணிந்து, சொந்தக் காசில் வாங்கிய சீட்டோடு பேருந்துக்காக நின்றிருந்தார். போகத்தான் வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "என்னை நிறுத்தியவர்கள் போய்விடுவார்கள், நான் இங்கேதான் இருப்பேன்" என்றார். கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்து வென்றோம். இறுதியாட்டத்தில் செல்சியிடம் தோற்றோம்.

இதில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கழகத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் பட்டியல் வெளியானபோது, நூறு மில்லியனைத் தாண்டிய அந்தக் கடனில், ஆட்ட நாட்களில் மைதானத்தில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்புக்கு வர வேண்டிய இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டும் இருந்தது. கால்பந்து விதிகளின்படி மற்றக் கழகங்களுக்கும் வீரர்களுக்கும் தர வேண்டியதை முழுமையாகத் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் லீக்கில் இடம் இல்லை. மீதிப் பேருக்கு, அதாவது அச்சகக்காரர், உணவு கொடுத்தவர், வரித்துறை ஆகியோருக்கு, ஒரு பவுண்டுக்கு இருபது பென்ஸ் என்றுதான் அந்த ஆண்டு உடன்பாடு எழுதப்பட்டது. வரித்துறை உயர் நீதிமன்றம் வரை போய் எதிர்த்துத் தோற்றது. கோடிகளில் சம்பளம் வாங்கியவருக்கு முழுப் பணம், காயத்துக்குக் கட்டுப் போட்டவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்னும் இந்த விதி இருக்கும் வரை, எந்தக் கழகம் யார் கைக்கு மாறினாலும் அடிபடுவது ஊர்க்காரர்கள்தான். ஆகவே, கழகம் தடுமாறுகிறது என்ற பேச்சு அடிபட்ட உடனே, அதோடு வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரர்கள் ரொக்கத்துக்கு மட்டுமே சரக்குக் கொடுக்க வேண்டும். பழைய பாக்கியை மாதக் கடைசி வரை விட்டு வைக்கக் கூடாது.

டார்பி ஆடு எழுதியது:

சவுத்சீ வாசி சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் நோயின் மூலத்தை அவர் தவறான இடத்தில் பார்க்கிறார் என்பது என் எண்ணம். கடன் வரிசை பின்னால் வருவது. முதலில் கேட்க வேண்டியது மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். எங்கள் டார்பி கவுண்டி கழகத்தின் அப்போதைய உரிமையாளர் மெல் மோரிஸ் 2018-இல் பிரைட் பார்க் மைதானத்தைக் கழகத்திடமிருந்து தம்முடைய இன்னொரு நிறுவனத்துக்கு 81 மில்லியன் பவுண்டுக்கு விற்றார். அந்த ஆண்டுக் கணக்கு லாபமாகத் தெரிந்தது. 2021 செப்டம்பரில் கழகம் திவால் நிர்வாகத்துக்குள் போனபோது, வாங்க வந்தவர்களுக்கு எல்லாம் கழகம் ஒரு பேரம், மைதானம் வேறொரு பேரம் என்று ஆனது. அந்த இழுபறியில்தான் மாதங்கள் கரைந்தன.

என் அனுபவம் 2022 ஜனவரி 30. திவால் நிர்வாகத்துக்குப் பன்னிரண்டு, பழைய கணக்கு விதி மீறலுக்கு ஒன்பது என்று 21 புள்ளிகள் கழிந்து, வெய்ன் ரூனியின் பயிற்சியில் அணி போராடிக்கொண்டிருந்த நேரம். கழகத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஆயிரக்கணக்கானோர் நகரிலிருந்து மைதானத்துக்கு ஊர்வலமாகப் போனோம். அன்று பர்மிங்ஹாமுக்கு எதிரே இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். ஒன்று திரும்பி வந்தது. நடுவர் சேர்த்த நேரமும் முடியப் போகிற தறுவாயில் எங்கள் வீரர் பீலிக் முதுகைத் தரைக்குக் கொடுத்து, காலைத் தலைக்கு மேலே வீசி அடித்தார். பந்து வலைக்குள் இருந்தது. எனக்கு முன் வரிசையில் இருந்தவர் திரும்பி என் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கத்தவில்லை, சிரிக்கவில்லை, என் கோட்டின் துணியை முறுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அந்தப் பருவத்தை 34 புள்ளிகளோடு முடித்தோம். களத்தில் சம்பாதித்தது 55. அது கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்கப் போதுமானதற்கும் மேல். கிர்ச்னர் என்ற அமெரிக்கரின் பேரம் ஜூன் மாதத்தில் முறிந்தது. பிறகு உள்ளூர்க்காரரான டேவிட் க்ளோவ்ஸ் முதலில் மைதானத்தை வாங்கினார், ஜூலை 1-இல் கழகத்தையும் வாங்கினார். வரிசையைக் கவனியுங்கள்: மைதானம் முதலில். உங்கள் மைதானமான ஃபிராட்டன் பார்க்கும் அப்படித்தானே? மைதானத்தின் மீது செயின்ராய் தரப்புக்கு அடமான உரிமை இருந்ததால்தான் 2013-இல் நீங்கள் உயர் நீதிமன்றம் வரை போனீர்கள். மூன்று மில்லியன் பவுண்ட் என்று அங்கே உடன்பாடு ஆன பிறகுதான் கழகம் உங்களுடையது ஆனது.

மில்ட்டன் எண்ட் எழுதியது:

ஃபிராட்டன் எண்ட் நண்பருக்கு: நான் 2017-இல் இல்லை என்று வாக்களித்தவன். ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆம் என்றது, அதை ஏற்றுக்கொண்டேன். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. எங்கள் பங்கு என் பெயரிலும் என் அண்ணன் பெயரிலும் இருந்தது. அவர் ஆம், நான் இல்லை. வாக்குச் சீட்டு அண்ணியின் சமையலறை மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில், கெடு முடியும் நாள் வரை குறியில்லாமல் கிடந்தது. கடைசியில் அண்ணன் பேனாவை என்னிடம் நீட்டி, "நீதான் மழையில் நின்று உண்டியல் குலுக்கியவன், நீயே போடு" என்றார். அந்தப் பேனாவை வாங்கியபோது என் கை நடுங்கியது.

நான் இல்லை என்றதற்குக் காரணம் ஐஸ்னர் அல்லர். அவர் நேர்மையாகவே பேசினார். 2014 செப்டம்பரிலேயே பழைய கடன்களை எல்லாம் நாம் கட்டி முடித்திருந்தோம். 2017-இல் நான்காம் பிரிவின் சாம்பியனாக மேலே ஏறினோம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் சேர்ந்து ஒரு கழகத்தை ஒழுங்காக நடத்த முடியும் என்று நாடு முழுவதற்கும் காட்டிய பிறகு அதை ஏன் கைவிட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

மற்றக் கழகங்களின் ரசிகர்கள் இதைப் படிப்பதால் ஒன்று சொல்கிறேன். நெருக்கடி வந்த பிறகு அறக்கட்டளை தொடங்குவது தாமதம். இப்போதே தொடங்குங்கள். உங்கள் கழகத்தின் ஆண்டுக் கணக்குகள் கம்பெனிகள் பதிவகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. அதில் மூன்றைப் பாருங்கள்: கணக்கு உரிய நாளுக்குள் வந்திருக்கிறதா, வருமானத்தில் எத்தனை பங்கு சம்பளத்துக்குப் போகிறது, சொத்தின் மீது யாருக்கு அடமானம் பதிவாகியிருக்கிறது. கணக்கு தாமதமானால் கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு எழுதுங்கள். உங்களில் ஒரு கணக்காளரையும் ஒரு வழக்கறிஞரையும் முன்பே பிடித்து வையுங்கள். நம்மைக் காத்தது அப்படி இலவசமாக உழைத்தவர்கள்தான். நகர மன்றத்தோடு நல்லுறவு வையுங்கள்; 2013-இல் போர்ட்ஸ்மத் நகர மன்றம் கடன் கொடுத்திராவிட்டால் பேரம் முடிந்திருக்காது. புதிய முதலாளி எந்த வீரரை வாங்கப் போகிறார் என்று கேட்காதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது, அது கடனா முதலீடா என்று கேளுங்கள்.

பக்கத்து ஊர்க்காரன் எழுதியது:

நான் உங்கள் பரம எதிரியான சவுத்ஹாம்ப்டன் கழகத்தின் ரசிகன். இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். எங்களுக்கும் 2009-இல் திவால் நிர்வாகம் நடந்தது. பத்துப் புள்ளி கழிவோடு மூன்றாம் பிரிவைத் தொடங்கினோம். மார்கஸ் லீப்ஹெர் வாங்கியதால் பிழைத்தோம். 2012 ஏப்ரலில் எங்கள் மைதானத்தில் நீங்கள் ஆடியபோது, கடைசி நிமிடத்தில் உங்கள் நோரிஸ் அடித்து 2-2 ஆக்கினார். கழகம் இருக்குமா என்பதே தெரியாத ஒரு கூட்டம் அந்த மூலையில் அப்படி முழங்கியதை நான் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் அருகில் இருந்தவர்கள் வசை பாடினார்கள். என்னால் முடியவில்லை.

ஃபிராட்டன் எண்ட் எழுதியது:

மில்ட்டன் எண்ட் நண்பரே, கழகத்தை நாம் நன்றாகத்தான் நடத்தினோம், மறுக்கவில்லை. ஆனால் ஃபிராட்டன் பார்க்கின் நிலை உங்களுக்கும் தெரியும். பழைய அரங்குகளைப் பாதுகாப்பாக வைத்திருக்கவே பெரும் பணம் தேவைப்பட்டது. அதை ஆயிரம் ஆயிரமாக மீண்டும் ரசிகர்களிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கிய விலைக்கு மேல் பத்து மில்லியன் முதலீடு என்று உறுதி கிடைத்தது. 2024-இல் மூன்றாம் பிரிவை வென்று மேலே வந்தோம். உங்கள் அண்ணனின் கருத்தும் என் வாக்கும் ஒரே பக்கம் இருந்ததில் எனக்கு வருத்தமில்லை.

மில்ட்டன் எண்ட் எழுதியது:

பெரியவரின் கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் ஒப்புதல் பெற்றது. சுதந்திரமான ஒழுங்காணையம் அதன் வழியாக வந்தது. புதிய உரிமையாளரை அது சோதிக்கும். மைதானத்தை விற்க அதன் அனுமதி வேண்டும். சின்னத்தையும் நிறத்தையும் மாற்றப் பெரும்பான்மை ரசிகர்களின் ஆதரவு உண்டா என்று கழகம் உறுதிசெய்தாக வேண்டும். கழகத்தை விற்பதற்கு ரசிகர்களின் வாக்கு தேவையில்லை. எனவே, கேட்க மாட்டார்கள் என்பதுதான் பதில். மைதானத்தைப் பற்றி டார்பி நண்பர் சொன்னதை இந்தச் சட்டம் ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சவுத்சீ வாசி எழுதியது:

மைதானம் காப்பாற்றப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் கடன் வரிசை பின்னால் வருவது என்று டார்பி நண்பர் சொன்னதை என்னால் ஏற்க முடியாது. இன்றைய லீக் விதிப்படி, அடமானப் பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸ் உடனே, அல்லது மூன்று ஆண்டுகளில் 35 பென்ஸ் கொடுத்தால், மேலும் பதினைந்து புள்ளிகள் கழியாமல் தப்பலாம். 2010-இன் இருபதை விட இது மேல் என்பது உண்மை. ஆனால் 2020 டிசம்பரிலிருந்து, ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரிக்கும் மதிப்புக் கூட்டு வரிக்கும் வரித்துறைக்கு முன்னுரிமை வந்துவிட்டது. முன்பு அது அச்சகக்காரரோடு ஒரே வரிசையில் நின்றது. இப்போது அவருக்கு முன்னால் நிற்கிறது. உங்கள் ஊரில் கழகத்துக்குச் சரக்குக் கொடுத்துப் பாக்கி வாங்கியவர் யாராவது இருந்தால், கையில் எத்தனை வந்தது, எப்போது வந்தது என்று அவரையே இங்கே எழுதச் சொல்லுங்கள்.