ஓநாய் வாயும் கீழ்வீட்டுப் பாட்டியும்

வெளிநாட்டில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்ட கதைதானே கேட்டீர்கள்? என்னுடையது இத்தாலியில், பொலோனியாவில் படித்தபோது நடந்தது. அங்கே நிறைய தேர்வுகள் வாய்மொழிதான். பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 30 மதிப்பெண், 18 எடுத்தால் பாஸ். முதல் தேர்வன்று வயிறு கலங்கப் படியிறங்குகிறேன், கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து "இன் போக்கா அல் லூப்போ!" என்றார்.

போக்கா என்றால் வாய், லூப்போ என்றால் ஓநாய். இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும், அதுதான் வம்பு. கிளம்பும்போது 'எங்கே போற' என்று கேட்டாலே சகுனம் பார்க்கிற ஊர்க்காரன் நான். இவர் என்னடாவென்றால் காலங்காத்தாலே ஓநாய் வாயில் போகச் சொல்கிறார்! ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. சரி, நல்லதாகத்தான் இருக்கும் என்று "கிராட்சியே" என்றேன், அதாவது நன்றி. பாட்டி பதறிப்போய், அதற்கு நன்றி சொல்லக் கூடாது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டேன்.

தேர்வு அறை வாசலில் ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். தோழி அதே ஓநாயைச் சொன்னாள். இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "கிரேப்பி!" என்று உள்ளே போனாள். உடனே போனில் அகராதியைத் தட்டினேன்: 'சாகட்டும்'. யார், பேராசிரியரா?

சாக வேண்டியது ஓநாய் என்று சாயங்காலம் பாட்டி விளக்கினார். நேராக 'நல்லா பண்ணு' என்று வாழ்த்தினால் ராசியில்லை என்று அங்கே பலருக்கு நினைப்பு. கண்படும் என்று குழந்தைக்குப் பொட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி. தாய் ஓநாய் குட்டியை வாயில் கவ்விக் காப்பாற்றுமாம், அதனால் இப்போது சிலர் 'ஓநாய் வாழ்க' என்று பதில் சொல்கிறார்கள். பாட்டிக்கு அது பிடிக்காது.

* * *

ஓநாய்க்காரரே, உங்களை மாதிரி நான் மெக்சிகோ சிட்டியில் மாட்டிக்கொண்ட சொல் 'அஓரீத்தா'. அங்கே பேசும் ஸ்பானிஷில் 'அஓரா' என்றால் இப்போது. 'ஈத்தா' சேர்த்தால் எதுவும் சின்னதாகும். அப்போ இந்த நொடியே என்றுதானே அர்த்தம்? பிளம்பர் அஓரீத்தா வருவார் என்றார் வீட்டுக்காரர். குளிக்காமல், வாசலை விட்டு நகராமல் காத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் வந்தார். நம்ம 'இதோ வந்துட்டேன்' தான், வேறொன்றுமில்லை. அப்புறம் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டில், இன்னொன்று வைக்கட்டுமா என்று அவர் அம்மா கேட்டார். நண்பர் "அஓரீத்தா" என்றார். அங்கே அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம்!

* * *

ஓநாய்க்காரரே, கிராட்சியே சொன்னதால் பாஸா பெயிலா?

* * *

24 வாங்கினேன், பாஸ். அடுத்த தேர்வுக்கு மறக்காமல் கிரேப்பி சொல்லிவிட்டுப் போனேன். 21.