டெபியன் 12: வைஃபை இயங்குகிறது, ஆனால் அமைப்புகளில் தெரியவில்லை

கேள்வி
வணக்கம். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-ஐ வரைகலை இடைமுகம் இல்லாமல் நிறுவிவிட்டு, பிறகு க்னோம் பணிச்சூழலைத் தனியாகச் சேர்த்தேன். நிறுவும்போது கொடுத்த வீட்டு வைஃபையில் கணினி தானாகவே இணைந்துவிடுகிறது. ஆனால் க்னோம் அமைப்புகளில் வைஃபை பட்டியலே வருவதில்லை என்பதால், வெளியிடங்களில் வேறு வலையமைப்புடன் இணைக்க முடியவில்லை. முனையத்தில் ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ என்று இட்டால், வைஃபை அட்டைக்கு நேரே ‘அன்மேனேஜ்டு’ (நிர்வகிக்கப்படவில்லை) என்று காட்டுகிறது. அட்டையை இயக்கும் ஃபர்ம்வேர் மென்பொருள் ஏதேனும் விடுபட்டிருக்குமா?

பதில் 1
ஃபர்ம்வேர் இல்லையென்றால் வீட்டு இணைப்பே கிடைத்திருக்காது. அந்தப் பக்கம் தேட வேண்டாம். க்னோம் பயன்படுத்தும் இணைப்பு மேலாண்மைக் கருவியான நெட்வொர்க்மேனேஜர் இல்லாமல் டெபியனை நிறுவும்போது, நிறுவியானது வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ‘/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் எழுதி, அட்டையை இஃப்அப்டவுன் என்னும் பழைய கருவியின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. பின்னர் க்னோமுடன் வந்து சேரும் நெட்வொர்க்மேனேஜர், அந்தக் கோப்பில் பெயர் உள்ள எந்த அட்டையையும் தொடாது. இது பழுதன்று, ஒரே அட்டையை இரு கருவிகள் ஆளாளுக்கு இழுக்காமலிருக்க டெபியன் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு.

முதலில் ‘இஃப்டவுன்’ கட்டளையுடன் அட்டையின் பெயரைச் சேர்த்து, நிர்வாகி உரிமையுடன் இயக்கி, நடப்பு இணைப்பைத் துண்டியுங்கள். இதைச் செய்யாவிட்டால், மறுதொடக்கம் செய்யும்வரை, இஃப்அப்டவுன் தொடங்கிவைத்த டபிள்யூபிஏ சப்ளிகன்ட் (வைஃபை கடவுச்சொல்லைச் சரிபார்த்து இணைக்கும் நிரல்) பின்னணியில் அட்டையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். புதிய இணைப்பு காரணம் புரியாமல் அறுந்து அறுந்து போகும். அதன்பின் அந்தக் கோப்பில் வைஃபை அட்டைக்குரிய வரிகள் அனைத்தின் முன்னும் # குறியிட்டுச் செயலிழக்கச் செய்து, ‘எல்ஓ’ என்ற உள்சுழல் இடைமுகத்தின் வரிகளை மட்டும் அப்படியே விட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பதில் 2
நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பில், இஃப்அப்டவுன் பகுதியின் கீழ் ‘மேனேஜ்டு’ என்பதை ‘ட்ரூ’ என மாற்றும் வழியும் உண்டு. ஆயினும் பழைய வரிகள் கோப்பில் இருக்கும்வரை இஃப்அப்டவுனும் ஒவ்வொரு தொடக்கத்திலும் அதே அட்டையை எழுப்ப முயலும் என்பதால், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேட்டவர்
மிக்க நன்றி. பட்டியல் வந்துவிட்டது, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுடனும் இணைக்க முடிகிறது. # குறியிட்ட வரிகளில் வீட்டுக் கடவுச்சொல் இன்னும் இருக்கிறதே, அதை அப்படியே விடலாமா?

பதில் 1
புதிய இணைப்பு சரியாக இயங்குவதால் அந்த வரிகளை அழித்துவிடலாம். இனி எல்லாப் பயனர்களுக்குமான இணைப்புகளின் கடவுச்சொற்களை நெட்வொர்க்மேனேஜர் தன் ‘சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ்’ அடைவில், ரூட் என்னும் நிர்வாகிப் பயனர் மட்டுமே படிக்கக்கூடிய கோப்புகளில் வைத்துக்கொள்ளும். அங்கும் அவை மறையாக்கம் செய்யப்படாத வெறும் உரைதான் என்பதால், மடிக்கணினி களவு போகும் என்ற அச்சம் இருந்தால் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்வதே பொருத்தமானது.