எந்த வேலைக்குப் போவது? உள்ளே போன பிறகு தெரிந்தவை

என் அக்கா மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறான். அத்தான் பாலிடெக்னிக் என்கிறார். அக்கா பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறாள். ஐடிஐ என்று நான் வாயெடுத்தால் வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். பையனைக் கேட்டால் "தெரியவில்லை மாமா" என்கிறான். அந்த வயதில் எனக்கும் தெரியவில்லை. எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம் என்று சொல்லத் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். நீங்கள் செய்யும் வேலையில், உள்ளே போன பிறகுதான் தெரிந்தது என்ன? அதை எழுதுங்கள். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டப்போகிறேன்.

கோவை, சிஎன்சி பட்டறை

அண்ணா, நான் ஐடிஐயில் டர்னர், அதாவது லேத்தில் இரும்பைக் கடையும் வேலை. இரண்டு ஆண்டுப் படிப்பு. சேர்ந்த புதிதில் லேத் பக்கமே விடவில்லை. ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவச் சொன்னார்கள். காலையிலிருந்து மாலை வரை ராவுவது, மறுநாள் வந்து மறுபடியும் ராவுவது. உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போனது. ஆசிரியர் வந்து அந்தத் துண்டை வாங்கி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இரண்டுக்கும் இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒன்பதாம் நாள் வெளிச்சம் தெரியவில்லை. அன்றைக்கு அடைந்த மகிழ்ச்சியை நான் வாங்கிய எந்தச் சம்பளமும் தந்ததில்லை. இந்த வேலை எனக்கு ஒத்துவரும் என்று அன்றுதான் தெரிந்தது. என்னோடு சேர்ந்த இருவர் அந்த அரத்தைப் பிடித்த முதல் வாரமே நின்றுவிட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை. கைக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் அப்ரண்டிஸ். அங்கே ஒரு நாள் 50 மில்லிமீட்டர் தண்டுகளைக் கடைசல் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிர்விக்கும் தண்ணீர் அன்று வரவில்லை. அது இல்லாமலேயே ஓட்டினேன். ஒவ்வொன்றையும் இறக்கியவுடன் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். அளவு சரியாக இருந்தது. மறுநாள் காலை ஃபோர்மேன் அளந்தால் அத்தனையும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு குறைவு. சூட்டில் இரும்பு விரிந்திருக்கிறது, ஆறியதும் சுருங்கிவிட்டது. பாடத்தில் படித்ததுதான், கைக்கு வரவில்லை. நாற்பது தண்டுகள் பழைய இரும்புக்குப் போயின. அவர் திட்டவில்லை. "சூட்டில் எடுத்த அளவை நம்பாதே தம்பி, ஆறவிடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று கணினி சொல்படி கடையும் சிஎன்சி இயந்திரத்துக்கு நானே புரோகிராம் எழுதுகிறேன். இப்போதும் தண்டு ஆறும்வரை கை மைக்ரோமீட்டரை எடுக்காது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க நின்றே வேலை. இரவு ஷிஃப்ட் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் எண்ணெய் வாடை போகாது. பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் "லேத்துப் பட்டறையா?" என்று கேட்டதோடு பேச்சு நின்றுபோனது. அது வலித்தது. ஆனால் ஐடிஐ படித்தால் அதோடு வழி அடைத்துவிடும் என்று அக்கா நினைக்க வேண்டாம். ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். நான் டிப்ளமோ வரை அப்படித்தான் வந்தேன்.

தூத்துக்குடி, துறைமுக ஏற்றுமதி அலுவலகம்

எனக்குக் கப்பல் ஆசை. பத்தாம் வகுப்புத் தகுதிக்கு ஆறு மாதப் பயிற்சி, முடித்தால் மாலுமி வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொன்னார். அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினோம். மருத்துவப் பரிசோதனைக்கு அவர் அனுப்பியது அதற்குப் பிறகுதான்.

மருத்துவர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். 21 என்றேன். அவர் மறுபடியும் பார்க்கச் சொன்னார். மறுபடியும் 21 என்றேன். வெளியே வந்து மற்றப் பையன்களிடம் கேட்டபோது எல்லோருக்கும் அந்தப் பக்கத்தில் 74 தெரிந்திருந்தது. சிவப்பையும் பச்சையையும் என் கண் சரியாகப் பிரிப்பதில்லை என்பது பதினெட்டு வயது வரை எனக்கும் வீட்டாருக்கும் தெரியாது. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. அதைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்வார்கள். அது தெரியாதவனை எப்படிக் காவலுக்கு நிறுத்த முடியும்? மருத்துவர் செய்தது சரி. ஏஜெண்ட் கடைசிவரை பணத்தைத் திருப்பித் தரவில்லை.

கடல் வேலையை நினைக்கும் பிள்ளைகள் யாராக இருந்தாலும் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள், பணம் அப்புறம். மாலுமிகளைக் கப்பலுக்கு அனுப்பும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது, இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. இது அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்திருந்தால் வளையல் வீட்டிலேயே இருந்திருக்கும். இப்போது கண்டெய்னர்களுக்கான ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிக்கிறேன். ஜன்னல் வழியே கப்பல் தெரிகிறது. வேலை பிடித்துவிட்டது.

திருப்பூர், மெர்ச்சண்டைசர்

தூத்துக்குடி அண்ணன் வண்ணத்தைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன். எனக்குச் சோறு போடுவதே அதுதான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். "நீயாவது இதற்குள் வராதே" என்று பி.காம். படிக்க வைத்தார். 2010இல் கணக்கு எழுதத்தான் ஒரு ஏற்றுமதி கம்பெனிக்குப் போனேன். அங்கே ஒரு நாள் சாயமேற்றிய மாதிரித் துண்டு ஒன்று அங்கீகாரத்துக்கு வந்திருந்தது. டியூப் லைட்டில் எல்லோரும் சரி என்றார்கள். நான் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். வாங்குபவர் அனுப்பிய துண்டு நீலமாகவே இருந்தது, எங்களுடையது லேசாகச் சிவந்து தெரிந்தது. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் சாயம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும் என்பதெல்லாம் பிறகு கற்றது. அன்று கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடுத்த மாதம் என்னை மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு, அதாவது வாங்குபவரின் ஆர்டரை மாதிரி முதல் சரக்கு வரை கவனித்துக்கொள்ளும் பிரிவுக்கு, மாற்றினார்கள்.

ஆனால் ஒரு தொழில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரே நாளில் நிற்கக்கூடும். நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டுப்போன வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றினோம்; சரக்கு தாமதமாகி ஆர்டர்கள் ரத்தாயின. எங்கள் தெருவில் பலர் வேலையிழந்தார்கள். தீர்ப்பு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன், என் தாத்தா அந்த ஆற்றுத் தண்ணீரில் விவசாயம் செய்தவர். தம்பி எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் கழிவு எங்கே போகிறது என்று ஒரு முறை விசாரித்துக்கொள்ளட்டும்.

மதுரை, அரசுத் தேர்வு எழுதியவன்

சுருக்கமாகச் சொல்கிறேன். குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், அதில் 100 தமிழ். தமிழில் 150க்கு 60 வாங்காவிட்டால் மறுபகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று இருந்துவிட்டேன், முதல் முறை அங்கேயே விழுந்தேன். இரண்டாம் முறை தமிழைத் தாண்டினேன், கட்-ஆஃபைத் தாண்டவில்லை. மூன்றாம் முறைக்கு முன்பு அப்பாவிடம் "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு எழுதினேன். கிடைக்கவில்லை. இப்போது மருந்து மொத்த விற்பனையில் இருக்கிறேன். அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. எல்லை வைக்காமல் எட்டு ஆண்டுகள் எழுதிக்கொண்டிருக்கும் நண்பனைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன்.

மீண்டும் நான்

எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 21, 74 வந்த இடத்தில் பையன் பதறிப்போய்க் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றான். சனிக்கிழமை போனோம், குறையில்லை. திரும்பும் வழியில் தெரிந்தவர் ஒருவரின் லேத்துப் பட்டறை இருந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தோம். ஒன்றரை மணி நேரம் அவன் அந்த இயந்திரத்தைவிட்டு நகரவில்லை. கடைசல் முடிந்த தண்டை இறக்கி வைத்தவரிடம், "இது ஆற எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா?" என்று கேட்டான். அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

அக்காவிடம் இன்னும் பேசவில்லை. நாளை மாலை பேசப்போகிறேன்.