தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள்), திருவருகைக் காலம் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம்): பெரிய நாளுக்குத் தயாரானப்போ நீங்க பார்த்தது என்ன?

அரிசிப்பாளையம்_அக்கா

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துல, சேலம் நாலு ரோடு பேராலயத்துல பாவசங்கீர்த்தன (சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கறது) வரிசை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். போன வருஷம், குருத்தோலை ஞாயிறு முடிஞ்சு வந்த செவ்வாய் சாயங்காலம். எனக்கு முன்னாடி ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, கக்கத்துல மஞ்சப்பை. அவருக்கு முன்னாடி ஓரிரண்டு பேர்தான் பாக்கி.

திடீர்னு போனை எடுத்து அடிச்சாரு. "தம்பி, அண்ணன் பேசறேன்டா." அவ்வளவுதான், அந்தப் பக்கம் கட். மறுபடி அடிச்சாரு, எடுக்கல. அப்புறம் சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. கொஞ்ச நேரம் போனையே பார்த்துட்டு நின்னவரு என் பக்கம் திரும்பி, "ஓமலூர் பஸ் எங்கம்மா நிக்கும்?"னு கேட்டாரு. "உங்க முறை வந்துடுச்சுங்க ஐயா, முடிச்சிட்டுப் போங்க"ன்னேன். "இல்லம்மா. வரப்புத் தகராறு. பேச்சு நின்னு ரொம்ப காலமாச்சு. அவன் மூஞ்சியைப் பார்க்காம உள்ள போய் முட்டி போட்டு சாமிகிட்ட என்னத்தைச் சொல்றது?"ன்னுட்டு விறுவிறுன்னு போயிட்டாரு.

காணிக்கையைப் பீடத்துக்கு முன்னாடி வெச்சிட்டு முதல்ல சகோதரனோட சமாதானம் ஆகிட்டு வான்னு மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல இருக்கே, அதை எத்தனை பிரசங்கத்துல கேட்டிருக்கோம். ஒருத்தர் எழுந்து போய்ச் செஞ்சதை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். தம்பி கதவைத் திறந்தானா, இவரு பாஸ்காவுக்குள்ள (ஈஸ்டருக்குள்ள) திரும்பி வந்தாரா, ஒண்ணும் தெரியல. மனசு அடிச்சுக்குது.

மலைக்காட்டு_மகள்

அக்கா, என்னோடது கிறிஸ்மஸுக்கு முந்தி நடந்தது. ஏற்காட்டுல திருவருகைக் காலமும் காபிப் பழம் பறிக்கிற காலமும் ஒண்ணாத்தான் வரும். கீழ கோயில்ல ஊதா மெழுகுதிரி மூணு, ரோஸ் ஒண்ணுன்னு வாரா வாரம் ஏத்துவாங்க. இங்க அந்த நேரத்துல எங்க சனம் சாக்கோட எடை போட வரிசையில நிக்கும். கிலோவுக்குத்தான் கூலி.

எங்கம்மா பக்கத்து நிரையில ஒரு சித்தி பறிப்பாங்க. கோயிலுக்குப் போக நேரமில்லைன்னு செடிக்குச் செடி ஒரு 'அருள் நிறை மரியே' ஜெபம் சொல்லிக்கிட்டே போவாங்க. அந்த வருஷம் புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்திருந்தா, மாசமா இருந்தா. குனிய முடியல, சாக்கு பாதிகூட நிறையல. எடைக்குப் போற வழியில, சவுக்கு மரத்துக்குப் பின்னாடி, சித்தி தன் சாக்கை அவிழ்த்து அவ சாக்குல கொட்டிட்டு இருந்தாங்க. ஈரத்தரையில சிதறின பழத்தை ஒண்ணு விடாம பொறுக்கிப் போட்டாங்க. என்னைப் பார்த்ததும், பழச்சாறு ஒட்டிக் கறுத்துப்போன விரலை உதட்டுல வெச்சு 'மூச்'னாங்க.

சித்தி இப்ப இல்ல. அதனாலதான் இங்க சொல்றேன்.

லெந்து_காலம்

நாங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்களுக்குப் பெரிய வெள்ளி பன்னெண்டு மணியில இருந்து மூணு வரைக்கும், சிலுவையில இயேசு சொன்ன ஏழு வார்த்தை தியானம். ஆளுக்கு ஒரு வார்த்தையாப் பிரிச்சுக் குடுத்துப் பேசச் சொல்லுவாங்க. ஒரு அம்மாவுக்கு முதல் வார்த்தை விழுந்துச்சு, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்". அவங்க வீட்டுல நடந்தது சபைக்கே தெரியும், இங்க வேண்டாம். துண்டுச் சீட்டை ஐயர் (எங்க போதகர்) மேசையில திருப்பி வெச்சிட்டு, "இதை இந்த வருஷம் என்னால சொல்ல முடியாதுங்க ஐயா. பொய்யாயிடும். 'தாகமாயிருக்கிறேன்' இருந்தா குடுங்க"ன்னாங்க. கூட்டத்துல யாரும் வாயைத் திறக்கல. ஐயர் மறுபேச்சு பேசாம அஞ்சாவது சீட்டை எடுத்து நீட்டினாரு.

நாப்பது நாளும் அவங்க உண்மையாத் தயாராகி இருந்தாங்கன்னுதான் நான் நம்பறேன். எங்க வீட்டுல இன்னும் இதைப் பத்தி வாக்குவாதம் நடக்குது.

சூரமங்கலம்_பெரியவர்

அரிசிப்பாளையம் தங்கச்சிக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் பெரியவர் நல்லவர்தான். ஆனா பாவசங்கீர்த்தனத்தை முடிச்சிட்டே போயிருக்கலாம். அந்த அருளோட போயிருந்தா தம்பி வாசல்ல நிக்கத் தெம்பு கிடைச்சிருக்கும். அருட்சாதனத்தைத் தள்ளிப் போடறது எனக்குச் சரியாப் படல.

என் அனுபவம் சின்னது. எங்கம்மா நற்கருணை (பூசையில குடுக்கற அப்பம்) வாங்கப் போற நாளுக்கு முந்தின ராத்திரி, தண்ணிப் பானை மேல சொம்பைக் கவுத்து வெச்சிடுவாங்க. அப்ப நடுராத்திரியில இருந்து ஒண்ணும் தொடக்கூடாது. 1964ல ஒரு மணி நேரம் போதும்னு ஆனப்புறமும் அம்மா சொம்பைக் கவுக்கறதை விடல. 1955 வரைக்கும் பாஸ்கா திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே முடிஞ்சிடும். அடுத்த வருஷம் ராத்திரிக்கு மாத்தினாங்க. அன்னைக்கு ராத்திரியும் அம்மா வெறும் வயித்தோடதான் வந்தாங்க.

இப்ப இளசுகளுக்குச் சொல்றேன். புனித வாரம் வரைக்கும் பாவசங்கீர்த்தனத்தை இழுக்காதீங்க. தவக்காலம் நாலாம் வாரத்துலயே போயிடுங்க, சாமியாருக்கும் உங்களோட பேச நேரம் இருக்கும். போறதுக்கு முந்தின ராத்திரி பத்துக் கட்டளையையும் வரிசையா எடுத்து மனசைச் சோதிங்க. யாரோட பேசறதில்ல, யாருக்குக் கடன் பாக்கி, கூலி பாக்கி, எல்லாம் எழுதுங்க. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் (கறி சாப்பிடாம இருக்கறது)னு சொல்லிட்டு வஞ்சிரம் வாங்கிப் பொரிக்காதீங்க. கறிக்குச் செலவாகிற காசைத் தவக்கால உண்டியல்ல போடுங்க. சீரியலை நிறுத்துங்க. சிலுவைப்பாதையில (இயேசுவோட பாடுகளை நிலை நிலையா நினைச்சு ஜெபிக்கறது) பதினாலு நிலைக்கும் முட்டி போடுங்க. ஒருசந்தியை (ஒரு வேளை மட்டும் முழுசா சாப்பிடற நோன்பு) மட்டும் எந்த வயசுலயும் விடாதீங்க.

கன்னங்குறிச்சி_மருமகன்

பெரியவருக்கு வணக்கம். கடைசி வரியை மட்டும் என்னால ஒத்துக்க முடியாதுங்க. ஒருசந்தி விதி பதினெட்டு வயசுல தொடங்கி அறுபதாவது வருஷம் தொடங்கினதும், அதாவது அம்பத்தொன்பது முடிஞ்சதும், முடிஞ்சிடுது. அதுவும் கட்டாயம் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு.

எங்க மாமனாருக்கு எழுபதைத் தாண்டிடுச்சு, சர்க்கரை வேற. தவக்கால வெள்ளிக்கிழமை எல்லாம் மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடப்பாரு. ஒரு வெள்ளி சிலுவைப்பாதையில ஒன்பதாம் நிலை, இயேசு மூணாம் முறை விழுற இடம். எல்லாரும் முட்டி போட்டு எழுந்தோம், அவரு எழல. கை பெஞ்சைத் தடவுது, சட்டை முதுகோட ஒட்டி வேர்த்து ஊத்துது, என் பேரு வாயில வரல. பின்னாடி இருந்த ஒரு பொண்ணு பையில இருந்து குளுக்கோஸைப் பிரிச்சு வாயில போட்டாங்க. அந்தப் பொண்ணு இல்லைன்னா என்ன ஆயிருக்குமோ. தயவுசெஞ்சு வயசானவங்களுக்கு இப்படி அறிவுரை சொல்லாதீங்க. மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பட்டினிக்குப் பதிலா செய்ய ஆயிரம் இருக்கு. மலைக்காட்டு மகள் சொன்ன சித்தி எதைப் பட்டினி போட்டாங்க?

சூரமங்கலம்_பெரியவர்

தம்பி, நீங்க சொல்றது நியாயம். நோயாளிகளை மனசுல வெச்சு நான் எழுதல. மாமனார் இப்ப எப்படி இருக்காரு?

கன்னங்குறிச்சி_மருமகன்

நல்லா இருக்காருங்க. பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து எடுத்துச் சொன்னப்புறம், வெள்ளிக்கிழமை கஞ்சி குடிச்சிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பறாரு. தொட்டுக்க மட்டும் எதையும் வைக்க விடமாட்டேங்கறாரு.